சேதி இல்லாத சிக்னல்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், அத்தை, நம் வாலுப்பெண் மூவரும் நலம். நீங்கள் நலமா? பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

“தினம் சாப்டியா, தூங்கினியா, இதையேதான் பேசுறோம். புதுசா என்ன இருக்கு? வாரத்துக்கு ஒரு தடவை நிதானமாப் பேசிக்கலாம்” என்று போன மாதம் சொன்னீர்கள். நானும் சரி என்றேன். அந்தச் சரியை இப்போது வாபஸ் வாங்குகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம். பாலத்து வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதீர்கள், அறைக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. கூரைக்குக் கூரை கம்பியில்லாமல் டேட்டா அனுப்பும் எங்கள் ரேடியோ பெட்டிகள் தேறிவிட்டன. அது சும்மா நடக்கவில்லை.

டேட்டாவுக்கு நடுநடுவே அடையாளச் சிக்னல்கள் சிலவற்றை அனுப்புவோம். என்ன அனுப்புகிறோம் என்பது எதிர்முனைப் பெட்டிக்கு முன்பே தெரியும். எங்கள் மேலாளர், அதுதான் நான் ‘சிக்கனம்’ என்று சொல்வேனே, அவருக்கு இது பொறுக்கவில்லை. “தெரிஞ்ச விஷயத்தையே திரும்பத் திரும்ப எதுக்கும்மா அனுப்புறீங்க? அந்த இடத்துலயும் டேட்டாவை ஏத்துங்க” என்றார். எடுத்துவிட்டோம். லேபில் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. சிக்கனம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு பெட்டியை எங்கள் ஆபீஸ் மொட்டைமாடியிலும், இன்னொன்றை எதிர்க் கிடங்கின் கூரையிலும் வைத்தோம். மானம் கப்பலேறியது. வந்து சேரும் டேட்டாவைத் திரையில் புள்ளிகளாகப் பார்ப்போம்; தத்தம் இடத்தில் நிற்க வேண்டிய அந்தப் புள்ளிகள் எல்லாம் வளைவு வளைவாக இழுத்துக்கொண்டு போயின. காற்று என்றார்கள், ஆன்டெனா என்றார்கள். நான் லேபுக்கு இறங்கி வந்து, ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். அங்கே இரண்டு பெட்டிக்கும் அலைக்குத் தாளம் கொடுக்கும் ஒரே கடிகாரத்திலிருந்து இணைப்பு கொடுக்கப்பட்டிருந்தது. வசதிக்காக யாரோ செய்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் பெட்டியின் அலை அவ்வளவு வேகமாகத் துடிப்பது, கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஃபேஸ் நாய்ஸ் என்போம். ஒரே கடிகாரம் என்றால் இரண்டு பெட்டியும் சேர்ந்தே நடுங்கும், வெளியே தெரியாது. கூரைக்குக் கூரை தனிக் கடிகாரம் வந்ததும் குட்டு உடைந்துவிட்டது.

அந்த வயரைக் கையில் பிடித்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. ஒரே வீட்டில் இருந்தவரை உங்கள் முகம் வாடினால் எனக்கும் வாடிவிடும், கேட்கவே வேண்டியதில்லை. இப்போது வெளிநாட்டில் நீங்கள் கண் விழிக்கும்போது நான் மதியச் சாப்பாட்டை முடித்திருக்கிறேன்.

அடையாளச் சிக்னலைத் திரும்பப் போடலாம் என்றேன். என்ன வரவேண்டும் என்று தெரிந்திருப்பதால்தான், வந்தது எவ்வளவு கோணலாகத் திரும்பியிருக்கிறது என்று பெட்டி கண்டுபிடிக்கும். அதே அளவு மற்ற எல்லாவற்றையும் திருப்பி நேராக்கும். சேதி இல்லாத சிக்னல்தான் சேதியைக் காப்பாற்றுகிறது.

போட்டோம். உடனே அடுத்த தலைவலி. பல அலைவரிசைகளில் சேர்ந்து போகும் அடையாளங்கள் எல்லாம் ஒரே கணத்தில் உச்சத்துக்கு எகிறின. அத்தையும் அவர் தங்கைகளும் ஒரே நேரத்தில் சிரித்தால் நம் வரவேற்பறை என்ன ஆகுமோ, அதுதான் ஆம்ப்ளிஃபயருக்கும் ஆனது. அது தாங்காமல் அலையின் உச்சி வெட்டுப்பட்டு எல்லாம் கெட்டது. “இதுக்குத்தான் வேணாம்னேன்” என்றார் சிக்கனம். நான் விடவில்லை. ஒவ்வோர் அடையாளமும் வேறு வேறு நிலையிலிருந்து தொடங்கும்படி மாற்றினேன். எதற்கு எந்தத் தொடக்கம் என்பது எதிர்முனைக்கும் தெரியும். உச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. நேற்று வாடிக்கையாளர் முன்னால் புள்ளிகள் அடக்க ஒடுக்கமாக நின்றன. தன் யோசனைதான் என்று சிக்கனம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது நம் விஷயம். சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எப்போதும் “சாப்டேன்” என்பீர்கள். ஒருநாள் “ம், ஆச்சு” என்றீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று அதிலிருந்துதான் கண்டுபிடித்தேன், நீங்களாகச் சொல்லவில்லை. போன ஞாயிறு பேசினோமே, எவ்வளவு மரியாதையாகப் பேசினோம்! சம்பளம், பள்ளிக்கூடம், அத்தையின் மாத்திரை என்று எல்லாம் பேசினோம். வைத்த பிறகு வாலு, “அப்பாவுக்கு நம்ம மேல கோவமா?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றிப் பதில் தெரியாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

அதனால் வாரத்துக்கு ஒருமுறை என்பது வேண்டாம். தினமும் கூப்பிடுங்கள், ஒரு நிமிஷத்தில் வைக்கிற அவசரமாக இருந்தாலும் கூப்பிடுங்கள். ஒரே மாதிரி இருந்து அலுக்கிறது என்றால் ஒருநாள் வாலு கேட்கட்டும், ஒருநாள் அத்தை அதட்டிக் கேட்கட்டும், ஒருநாள் நாம் சண்டைக்கு நடுவில் கேட்டுக்கொள்வோம். கேள்வி மட்டும் மாற வேண்டாம்.

பாலம் நல்லபடியாக எழும்பட்டும், உயரத்தில் நிற்கும்போது உங்கள் கால் உறுதியாக இருக்கட்டும். இது கையில் கிடைத்த அன்றே கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன். எப்படிச் சொல்கிறேன் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பதில் தெரிந்தும் கேட்கிற,
உங்கள் வீட்டுக்காரி