சுமார் என்று சொன்னேன்

அன்புள்ள நைனாவுக்கு, தணிகைவேல் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? உத்திரமேரூரில் மழை உண்டா? நான் நலம். பயப்படும்படி ஒன்றுமில்லை, கோபம்தான் ஆறவில்லை. போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்று எழுதுகிறேன்.

எங்கள் புனே கம்பெனியில் உற்பத்தியைக் கூட்ட ‘ஃபஸி லாஜிக்’ என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஆளை நல்லவன், மோசமானவன் என்று வெட்டிப் பிரிக்காதாம். லைன் லீடர்கள் நாங்கள் ‘மோசம்’, ‘சுமார்’, ‘நன்று’ என்று சொன்னால், கம்ப்யூட்டர் அதை எண்ணாக்கி எடைபோடுமாம். நியாயமாகத்தான் பட்டது. என் அறையில் தங்கி என் லைனிலேயே வேலை பார்த்த நம் பக்கத்து மாகறல் வினோத், கையில் அடிபட்டு இப்போதுதான் தேறி வந்தான். அவனுக்குச் சுமார் என்று போட்டேன். கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடுவான் என்ற அர்த்தத்தில்.

மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? எண் பாதிக்கு மேல் வராதவர்களை எல்லாம், வினோத்தையும் சேர்த்து, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்! நடுவில் இருப்பவனையும் பார்க்கத்தானே அந்த முறை? நேரே போய்ச் சண்டை போட்டேன். கம்ப்யூட்டர் சொன்னது என்று கையை விரிக்கிறார். பாதியில் கோடு போட்டது கம்ப்யூட்டரா, இவரா?

வினோத் பையைத் தூக்கிக்கொண்டு, “இன்னாண்ணே, நீயா என்னைச் சுமாருன்னு சொன்ன?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அம்மாவின் ஊறுகாயை அவன்தான் கொண்டுவருவான். இனி பார்சலில் அனுப்புங்கள். சின்ன பாட்டில் போதும், சாப்பிட நான் ஒருவன்தான்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. அம்மா “எப்டிடா கீற?” என்று கேட்டால் இதுவரை சுமார் என்றுதான் சொல்லிவந்தேன். இனி அந்த வார்த்தை வாயில் வராது. நன்றாக இருக்கிறேன் என்பேன். நம்பாதீர்கள்.

தணிகைவேல்