ஒற்றைக் கால் பேடு

நேற்று தகரப் பெட்டியைத் திறந்தேன். திறந்ததுமே அந்த வாடை வந்துவிட்டது. ஈரக் கேன்வாஸும் பழைய தோல் வாரும் வெள்ளைச் சாயமும் கலந்த வாடை. இந்த ஊர் மழையில் எதுதான் பூஞ்சை பிடிக்காமல் தப்பித்தது? உங்கள் கல்யாண வேட்டியே மடிப்பில் இற்றுப் போய்விட்டது. இது மட்டும் அப்படியே இருக்கிறது. கிரிக்கெட் ஆடும்போது காலில் கட்டிக்கொள்வீர்களே, அந்தப் பேடு. ஜோடி இல்லை, ஒன்றே ஒன்று, இடது காலுடையது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "அத்தை, தும்மல் வரப்போகுது, உள்ள வைங்க" என்றாள். நான் வைக்கவில்லை.

பெட்டியைத் திறக்க வைத்தவன் ஒரு இளைஞன். உங்கள் டீமின் பெயரில் இப்போது ஆடுகிறவர்களில் ஒருவன். பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். நம் டெய்ரி ஃபார்ம் பேட்டை முழுக்க விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அங்கிள் போட்டோ ஒண்ணு வேணும் ஆன்ட்டி. கீழ 'அந்தமானின் மேட்ச் வின்னர்'னு போடப்போறோம். டீக் ஹை?"

"டீக் நஹி, சரியில்லை" என்றேன்.

பாவம், கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டான். "ஆன்ட்டி, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

எல்லாரும் சொல்வார்கள். போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாருமே மேட்ச் வின்னர்தான். நாளை மறுநாள் வா, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசிக்க உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் ஆடியதை எத்தனையோ வருஷம் பார்த்தவள் நான். ஜிம்கானா மைதானத்து மேட்டில், தூங்குமூஞ்சி மரத்தடியில், குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அழகாக ஆடினீர்கள். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. பந்தை நீங்கள் அடிக்கிற மாதிரியே இருக்காது, இந்தப் பக்கமாகப் போ என்று அதற்கு வழி சொல்லி அனுப்புகிற மாதிரி இருக்கும். அதுவும் ஈரப் புல்லில் சத்தமில்லாமல் போய் எல்லையைத் தொடும். ஓடிப் பிடிக்க வேண்டியவன்கூட இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்து நிற்பான். மத்தியான வெயில், உப்புக் காற்று, தூரத்தில் ராஸ் தீவு. எனக்குக் கண் சொக்கிவிடும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கின்றன. எந்த ஆட்டம் எந்த வருஷம் என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

ஆனால் ஜெயித்துக் கொடுத்தீர்களா? டீம் ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஆட்டத்தில் ஐம்பது அடிப்பீர்கள். தோற்றே போய்விட்ட ஆட்டத்தில் எண்பது அடிப்பீர்கள். இழுபறியில் நிற்கிற ஆட்டம்தான் உங்களுக்கு ஆகாது. ஒரு தடவை துறைமுகத்து டீமோடு ஆட்டம். இன்னும் கொஞ்சம் அடித்தால் போதும். அப்போது ராஸ் தீவை மறைத்துக்கொண்டு மழை கடல்மேல் நடந்து வந்தது. வெயிலும் இருந்தது. நீங்கள் மட்டையை ஊன்றியபடி அதையே பார்த்து நின்றீர்கள். பந்து போடுகிறவன் ஓடி வந்தான், போட்டான், ஸ்டம்ப் சாய்ந்தது. அதைக்கூட நீங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீ பார்க்கலையா அந்த மழையை?" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். பார்த்தேன், ஐயா. அதற்காக அவுட் ஆவார்களா?

ஜவுளிக்கடை பாய் இதைச் சுருக்கமாகச் சொல்வார். அபர்தீன் பஜாரில் கடை, சொந்த ஊர் ராமநாதபுரத்துப் பக்கம், உங்கள் டீமுக்குக் கேப்டன், உங்களுக்கு உயிர் சிநேகிதர். "இவரு ஆட்டத்தப் பாக்கலாம் தங்கச்சி, நம்ப முடியாது" என்பார். துணியைக் கிழித்துக்கொண்டே சொல்வார். நீங்கள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர் அப்படிச் சொல்லக் காரணமான ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. அப்போது நான் கடலில் இருந்தேன்.

கல்யாணமான ஒரே மாதத்தில் நீங்கள் கப்பலேறி இங்கே மராமத்து இலாகா வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள். நான் ஊரில் இருந்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் என்னைப் பயமுறுத்தினார்கள். கைதிகளைக் கொண்டுபோய்ப் போட்ட தீவு, கடலைத் தாண்டினால் திரும்ப மாட்டாய் என்றார்கள். உங்கள் கடிதங்களோ கப்பல் வந்தால் கட்டாக வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வராது. வந்தாலும் அதில் மழையும் கிரிக்கெட்டும்தான் இருக்கும். இந்த மனுஷனுக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அப்பாதான், "ஒரு தடவை போய்ப் பார்ப்போம்மா. பிடிக்கலைன்னா இதே கப்பல்ல திரும்பிடலாம்" என்று சொல்லி, உங்களுக்கும் தந்தி கொடுத்துவிட்டு அழைத்து வந்தார். கப்பல் இங்கே சில நாள் நின்றுவிட்டுத்தானே மெட்ராஸ் திரும்பும்.

உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து உடம்பு பஞ்சாகிவிட்டது. தீவுகள் பச்சைப் பச்சையாக மிதந்து வந்தன, மிதந்து போயின. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே புரியவில்லை. அந்த அரை மயக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிவு செய்தேன். கப்பல் கரையைத் தொடும்போது நீங்கள் கப்பல்துறையில் நின்றால் இருப்பது. நிற்காவிட்டால் பெட்டியைப் பிரிக்காமல் அப்பாவோடு திரும்பிவிடுவது. திரும்பினால் பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை.

கப்பல் ஒருநாள் முந்தி வருகிறது என்பது எனக்குத் தெரியாது. தாமதமாகத்தான் வரும், முந்தி வந்ததே கிடையாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

சாத்தம் கப்பல்துறை. மரம் அறுக்கும் மில்லின் தூள் வாசனை கடலுக்கே வந்து எதிர்கொண்டது. நின்றிருந்த கொஞ்சம் பேரில் நீங்கள் இல்லை. மறுபடி மறுபடி பார்த்தேன், இல்லை. மனசு அப்படியே ஓய்ந்துவிட்டது. அப்போது ஒரு மரலாரி வந்து நின்றது. அதன் கட்டைகளுக்கு மேலிருந்து ஒருவர் தொங்கி இறங்கினார். வெள்ளைச் சட்டை முழுக்கப் படாக் மரத்தின் சிவப்புத் தூள். இடது காலில் பாதத்திலிருந்து முழங்காலுக்கு மேல்வரை பெரிய வெள்ளைக் கட்டு. அந்தக் காலை மடக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்து வந்தார். நீங்கள்தான்.

எங்கள் ஊரில் கிரிக்கெட்டை யார் கண்டது? நான் பார்த்ததெல்லாம் மாவுக்கட்டுதான். கால் ஒடிந்த மனுஷன், அந்தக் காலோடு லாரி ஏறி என்னை அழைக்க வந்திருக்கிறாரே! அப்பா வரட்டும் என்றுகூட நிற்காமல் பலகை வழியாக இறங்கி ஓடி வந்தேன்.

"எப்ப விழுந்தீங்க? ஏன் எனக்கு எழுதலை?" என்று அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

நீங்கள் குனிந்து உங்கள் காலைப் பார்த்தீர்கள். "இதா? இது பேடு" என்று வாரை அவிழ்த்தீர்கள். உள்ளே கால் சுகமாக இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கால் ஒடிந்ததென்று அழுதவளுக்கு, மனுஷன் விளையாட்டு மைதானத்திலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? ஏன் இப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கும் "நேரமில்லை" என்று ஒரே வார்த்தை. உங்களுக்கு மட்டையால் பேசத் தெரிந்த அளவுக்கு வாயால் பேசத் தெரியாது. நான் பெட்டியைப் பிரிக்கவில்லை. தினம் அதிலிருந்தே ஒரு புடவையை உருவிக்கொண்டேன். லம்பா லைன் பகுதியில் நாம் இருந்த அந்தச் சின்ன வீட்டின் மூலையில் அது மூடியபடியே இருந்தது. நீங்களும் போகவர அதைப் பார்த்தீர்கள். கப்பல் கிளம்புவதற்கு முதல்நாள் காலையில் அப்பா கேட்டார், "என்னம்மா, உனக்கும் டிக்கெட் போட்டுடவா?" சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

அன்று மத்தியானம் பாய் வந்தார். நீங்களும் வீட்டில் இருந்தீர்கள். அவர் உங்களைப் பார்க்கவே இல்லை, நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்தப் பேடைக் குடுங்க. டீமுக்கே ஒரு ஜோடிதான் இருக்கு."

"ஒரு ஜோடின்னா?"

"ஆளுக்கு ஒண்ணு கட்டிக்குவோம். இந்தப் பக்கம் ஆடுறவருக்கு ஒண்ணு, அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு ஒண்ணு. அவுட்டாயிட்டா கழட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டுப் போவணும். உங்க வீட்டுக்காரரு காலோட கொண்டு வந்துட்டாரு."

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. ஜெயிக்க நாலே ரன் பாக்கி. இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் பாய், உள்ளே உட்கார்ந்திருப்பது கடைசி ஆள் ஒருவன். அப்போது கப்பல் ஹாரன் கேட்டிருக்கிறது. மெட்ராஸ் கப்பல் ஊதினால் ஆட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேயே டிரா என்பது இந்த ஊர் ரூல். எல்லாருக்கும் கடிதமோ ஆளோ வரும், யார் நின்று ஆடுவார்கள்? ஆனால் அன்று மெட்ராஸ் கப்பலுக்கு இன்னும் ஒருநாள் இருந்தது.

"கட்டை ஏத்த வந்த கப்பல் அது, ஆடுங்கன்னேன். 'இல்ல பாய், இது அவ வர்ற கப்பல்'னாரு. மட்டையக் கீழ போட்டாரு, வேலியத் தாண்டிக் குதிச்சாரு, போயிட்டாரு. மட்டையப் போட்டாரே, பேடையும் கழட்டிப் போட்டிருக்கலாம்ல? கடைசி ஆளு பேடு இல்லாம வந்தான். பந்தக் கண்டு ஒதுங்குனான். ஸ்டம்ப் போச்சு, ஆட்டமும் போச்சு. நான் ஒத்தப் பேடோட அந்தப் பக்கம் நிக்கிறேன்."

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். இங்கே வந்த நாளிலிருந்து அன்றுதான் உங்களை நேராகப் பார்த்துக் கேட்டேன். "நாங்க வர்ற கப்பல்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் இங்க திரும்பினதுலேர்ந்து வர்ற கப்பலையெல்லாம் கேட்டுட்டுத்தானே இருக்கேன்" என்றீர்கள். "ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி ஊதும். அந்தக் கப்பல் ஊதி முடிக்கிறப்ப கொஞ்சம் இழுக்கும்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பாய், "பாத்தீங்களா தங்கச்சி, இதுக்குத்தான் நாலு ரன்னு போச்சு" என்றார்.

நான் உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்தேன். தாழ்ப்பாள் சத்தம் கூடத்தில் இருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். "அப்ப ஒரு டிக்கெட் போதும்" என்றார்.

அந்த ஆட்டத்தின் வழக்கு மட்டும் தீரவே இல்லை. "ஊதினது மெட்ராஸ் கப்பல்தான், ரூல்படி டிரா" என்பீர்கள். "மெட்ராஸ் கப்பல்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான், எங்க காதுக்குக் கட்டைக் கப்பல்" என்பார் பாய். கடையில், மைதானத்தில், நம் பிள்ளை கல்யாணப் பந்தியில்கூட அதே பேச்சு. டீமுக்குப் புதுப் பேடுகள் வந்தபோது இந்தப் பழையதை அவரே கொண்டுவந்து கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்க தங்கச்சி. இதப் பாத்தா எனக்கு இன்னும் ஆத்திரமா வருது." இப்போது அவரும் இல்லை. அங்கேயும் இரண்டு பேரும் இதையேதான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, அந்த இளைஞனுக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் மேட்ச் வின்னர் இல்லை. அதை அடித்துவிட்டு 'அழகாக ஆடியவர்' என்று போடச் சொல்லப்போகிறேன். உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று தெரியும். என் வரையில், ஜெயிக்கிற ஆள் எனக்குத் தேவைப்படவில்லை. வந்து நிற்கிற ஆள் தேவைப்பட்டது. நீங்கள் வந்து நின்றீர்கள். இதை அவனிடம் சொல்லமாட்டேன், மலரில் போட்டுவிடுவான்.

இப்போதெல்லாம் எல்லாரும் விமானத்தில்தான் வருகிறார்கள். ஆனாலும் கப்பல் ஊதினால் எனக்கு எந்தக் கப்பல் என்று தெரிந்துவிடுகிறது. உங்களோடு இத்தனை வருஷம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட வித்தை. நீங்கள் போன பிறகு அது இன்னும் கூர்மையாகிவிட்டது. முடிக்கும்போது கொஞ்சம் இழுக்கிற அந்தப் பழைய கப்பல் எப்போதோ உடைக்கப் போய்விட்டது. அது தெரிந்தும், எது ஊதினாலும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். அடுப்பில் தாளிப்பு கருகுகிறது என்று மருமகள் உள்ளேயிருந்து கத்துகிறாள். கத்தட்டும். அந்த நாலு ரன்னை வேறு யாராவது அடித்துக்கொள்ளட்டும்.