கிணற்றடியில் விரித்த நீல மண்

இன்று காலை மருமகள் பீரோவைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் எறிந்தேன். "பூச்சி வராதுன்னுதான போட்டேன் அத்தே" என்று முழிக்கிறாள். அவளிடம் எங்கிருந்து தொடங்குவது? உன்னிடமென்றால் தொடங்கவே வேண்டாமடி, பாதி வார்த்தை போதும். நீதான் இல்லை.

நம் தெருக் கிணற்றுத் தண்ணீர் இந்த வாடைதான் அடித்தது.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்த அந்தப் பழைய ஆலை, நாம் இரண்டு பேரும் இந்தத் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டு வரும்போதே மூடிக் கிடந்தது. எழுபதுகளின் நடுவில் சரக்கு அடுக்கக் கிட்டங்கி கட்டுவதற்காக ஒரு முதலாளி அந்த இடத்தை வாங்கினார். சுத்தப்படுத்தப் போகிறோம் என்றார்கள். எப்படிச் சுத்தப்படுத்தினார்கள்? ஆலையில் தேங்கிய தாரை வள்ளத்துக்குப் பூச எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே குவிந்து கிடக்கும் மண்ணை முற்றத்தில் போட எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்று தெருத்தெருவாக ஆள் விட்டுச் சொன்னார்கள். அவர்களுடைய நரகலைக் கூலி வாங்காமல் நாம் அள்ளினோம். அதற்கு நன்றியும் சொன்னோம்.

"ஏளா, கடகத்த எடுத்துட்டு வா. மண்ணு சும்மா கொடுக்காவ. நெறத்தப் பாத்தியா, மாதா முக்காடு மாதிரியே இருக்கு" என்று வாசலில் நின்று கூப்பிட்டாய். உண்மையிலேயே அப்படியொரு நீலம். வாயுவிலிருந்த நஞ்சையெல்லாம் வடிகட்டி வடிகட்டி அந்த மண் நீலமாகிப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. திருவிழா நெருங்கியிருந்தது. மாதா சப்பரம் வருகிற தெருவில் மாதாவின் நிறத்தையே விரிக்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? பனையோலைக் கடகம் கடகமாகச் சுமந்து வந்து விரித்தோம். மிச்சத்தைக் கிணற்றடிப் பள்ளத்தில் கொட்டி மிதித்தோம். சப்பரம் தூக்கியவர்கள் மணலில் கால் புதையாமல் நடந்தார்கள். பங்குச் சாமியார்கூடப் பாராட்டினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர் ஊறுகிற நம் பக்கத்தில் அந்த ஒரு கிணறுதான் நல்ல தண்ணீர். அதில் அந்த வாடை வந்தது. சோற்றில் வந்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். மண்ணை அதிகம் அள்ளிய உன் கைகள் சிவந்து வெடித்தன.

நாம் இரண்டு பேரும் முதலாளியின் மேனேஜரைப் பார்க்கப் போனோமே, அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நாங்களா உங்க தெருவுல கொண்டுவந்து போட்டோம்? நீங்கதானேம்மா அள்ளிட்டுப் போனீங்க" என்றான். வழி நெடுக நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். "வாய வச்சிட்டுச் சும்மா வா" என்றாய். உன் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

கிட்டங்கித் திறப்பு விழாவுக்கு நீ குடத்தோடு வந்தாய். பந்தலில் நல்ல புழுக்கம். முதலாளி தண்ணீர் கேட்டதும் முந்திக்கொண்டு டம்ளரில் ஊற்றி நீட்டினாய். வாயருகே கொண்டு போனவர் முகத்தைச் சுளித்தார்.

"குடிங்கய்யா. ஒங்க மண்ணு வடிஞ்ச தண்ணிதான். எங்க புள்ளைக இதத்தான் குடிக்குதுவ."

டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். இனியாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். பிறந்தது. ஆட்களை அனுப்பிக் கிணற்றை மணல் போட்டுத் தூர்த்தார்கள். அதற்கும் பெயர் சுத்தப்படுத்துவதுதான்.

மறுநாள் நீ மண்வெட்டியை எடுத்தாய். தெருப் பெண்கள் எல்லோரும் அந்த நீலத்தைச் சுரண்டி, அதே கடகங்களில் சுமந்துபோய்க் கிட்டங்கி வாசலில் கொட்டினோம். காவல்காரன் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "எதுக்குப் பதறுதீரு? சும்மாதான் கொடுக்கோம், எடுத்துக்கிடச் சொல்லும்" என்றாய். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆனால் கிணறு திரும்ப வரவில்லை. சாகும்வரை உன் கை வெடிப்பும் ஆறவில்லை. நீ போனது அதனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இன்று சாயங்காலம் நம் கிணறு இருந்த இடத்தில் ஒரு லாரிக்காரன் வந்து நின்றான். வண்டி நிறையக் கருப்பாக ஏதோ மண். "ஆச்சி, இந்தப் பள்ளத்துல தட்டிட்டுப் போகட்டா? காசு ஒண்ணும் வேண்டாம்" என்றான். வீட்டுக்குள்ளிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து லாரிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒங்க மொதலாளி வீட்டுக் கிணத்தடியில மொதல்ல தட்டு. ஒரு மழ பெய்யட்டும். பெறகு அதுல ஒரு டம்ளர் தண்ணி அவரக் குடிக்கச் சொல்லு" என்றேன்.

முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். நாற்காலியை நான் இன்னும் உள்ளே எடுக்கவில்லை.