நீலவாய்ப் பாறைக்குட்டையைத் தூர்க்கலாகாதென விடுத்த ஓலை

நலம் பெருகுக. அலைகளும் உத்தரவு கேட்டுக் கரையேறும்படி எண்டிசைக் கடலையும் ஆணையால் அடக்கியாளும் திரைமலை நாட்டு வேந்தர், ஆழிவென்றான், பரவைக்கோமான், சென்ற முழுநிலா நாளன்று கடலில் கணுக்காலளவு இறங்கி, குளிர் பொறுக்கவில்லையெனத் திருவாய் மலர்ந்தருளினார்.

அன்னாரின் ஓலைநாயகம் பொற்காரி விடுப்பது: நீலவாய்ப் பட்டினத்துக் கடற்கல்விச் சாலையின் தலைவர், பட்டங்கள் பல தாங்கிய நாவலர் இளஞ்சேந்தனார் காண்க. தங்கள் சாலைக்கும் மாணாக்கர்க்கும் பட்டுச் சால்வைக்கும் நலம் உண்டாகுக.

தங்கள் விண்ணப்பம் அவையில் படிக்கப்பட்டது. சாலைக்குப் பின்னுள்ள பாறைக்குட்டையில், கடல் வற்றும் வேளை மாணாக்கரை இறக்கிப் பாடம் நடத்துவதால், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் சேற்றுக் காலும் மீன் வாடையுமாய் வீடு திரும்புகின்றனர் என்றும், குட்டையைத் தூர்த்துக் கடற்சித்திரங்கள் தீட்டிய மண்டபம் எழுப்பினால் கால் நனையாமலே கடலனைத்தும் கற்பிக்கலாம் என்றும், ஆசிரியை பொன்னலரியை அச்சித்திரங்களைத் தூசி தட்டும் பணிக்கு மாற்றலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். மன்னர் மகிழ்ந்து முத்திரையிட மோதிரக் கையை ஓங்கினார். பாறைக்குட்டை என்ற சொல் காதில் விழவும் கை அந்தரத்தில் நின்றது.

இளவரசராயிருந்த காலத்தில் அக்குட்டையில், அதே பொன்னலரியோடு ஒரே வகுப்பில் பயின்றவர் அவர். தொட்டதும் பிசின் நூலைக் கக்கி விரல்களை ஒட்டவைத்த கடலட்டை நினைவில் எழுந்தது. துறவி நண்டு பழைய சங்கைவிட்டு வெற்றுடம்பாய்ப் புதிய சங்குக்கு ஓடுகையில் வகுப்பே மரியாதையாய் முகம் திருப்பிக்கொண்டதும் எழுந்தது. அரியணை ஏறிய பின் தம் உள்ளங்கையில் உயிருள்ள எதையும் எவரும் வைத்ததில்லையே என்று மெல்லச் சொல்லி, பல்லக்கு கேட்டார்.

குட்டைக்கரையில் பழைய வழக்கமே இன்றும் நடக்கிறது. பாறையிடுக்கில் வாழும் எட்டுக்கைப் பேய்க்கணவாய் மினுக்கும் பொருளைக் கண்டால் விடாதாம்; ஆகவே இறங்குமுன் எல்லாரும் நகைகளைக் கழற்றிவிட வேண்டும். மாணாக்கர் கழற்றினர். முத்திரை மோதிரத்தையோ உறக்கத்திலும் கழற்றலாகாதென்பது அரண்மனை மரபு; அதை ஓலைநாயகமாகிய யான் தோற்றுவாய் முதல் உரக்க வாசித்தேன். முழுவதையும் பொறுமையாய்க் கேட்ட பொன்னலரி, இதையெல்லாம் பாறைக்குள் இருப்பவருக்கு யார் போய்ச் சொல்வது என்று வினவினாள். அன்றும் கைக்கடகத்தைக் கழற்றமாட்டேனென்று அடம்பிடித்து அழுதவர்தாமே அரசர் என்றும் சேர்த்துக்கொண்டாள். மாணாக்கர் சிரித்தனர். காவலர் வாளைத் தொட்டனர். மன்னரும் சிரித்துவிட்டதால் காவலர் வாளை என்ன செய்வதெனத் தெரியாமல் நின்றனர்.

பிறகு மன்னர், முன்பு கற்றபடியே, கையை இடுக்கில் நீட்டி அசையாதிருந்தார். பேய்க்கணவாயின் கை ஒன்று தயங்கித் தயங்கி வந்தது. அதன் உறிஞ்சிகள், பொக்கை வாய்கள் கூடி முத்தமிட்டாற்போல, ஒவ்வொன்றாய்த் திருவிரல்களில் பதிந்தன. சிவந்தது, வெளுத்தது, பாறை நிறமாகிக் காணாமற்போனது. மன்னர் கண் கலங்கினார். தாங்கள் எழுப்ப நினைத்த மண்டபத்துச் சித்திரம் இப்படிக் கையைப் பற்றுமா என்று வினவினார். வண்ணம் காயாதிருந்தால் ஒட்டும் என்றாள் பொன்னலரி.

ஆகவே ஆணையாவது: அக்குட்டையில் ஒரு கூடை மண்ணும் விழலாகாது. ஒரு கல்லும் பெயரலாகாது. இதை மன்னர் இருமுறை சொன்னார். பொன்னலரியே ஆசிரியையாய்த் தொடர்க. அடுத்த வகுப்பில் தாங்களும் சால்வையைக் கரையில் வைத்துவிட்டு முதல் ஆளாய் இறங்கி, அந்த இடுக்கில் கைவிட்டுப் பயில்க. பயின்று கைக்கு வந்ததை உடனே அரண்மனைக்கு அனுப்புக. கல்வியின்பால் மன்னர் கொண்ட காதலே இவ்வாணைக்குக் காரணமென அவைப்புலவர் பாடிவருகின்றனர். அதுவும் ஒரு காரணம்தான்.

கடல் ஏறி இறங்கும் நாளெல்லாம் இவ்வோலை நிலைபெறுக. இதில் முத்திரைக்குப் பதிலாக மன்னரின் பெருவிரல் பதிந்துள்ளது. மோதிரம் பேய்க்கணவாயிடம் இருக்கிறது.