நட்டும் தண்டும் ஒரே எஃகு

முதலிபாளையம்
12.8.2004

அன்புள்ள அனுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, புனே மழையில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா என்பதுதான் நினைப்பு. போனில் என் குரல் சரியில்லை என்று கேட்டாயே, அப்போது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் சாயப்பட்டறையில் உப்புத்தண்ணீர் லைனில் ஒரு பெரிய வால்வு உண்டு. அதன் தண்டு எஃகு, அது ஏறி இறங்கும் நட்டு பித்தளை. பித்தளையை உப்பு அரித்து, இரண்டு மாதத்துக்கு ஒரு நட்டு நான் கணக்குப் பார்க்கும் ஸ்டோரிலிருந்து போகும். முதலாளி ஆத்தப்பன் சலித்துப்போய் நட்டையும் தண்டு மாதிரியே ஸ்டெயின்லெஸ் எஃகில் லேத்தில் கடையச் சொன்னார். எனக்கு அப்போதே மனது சரியில்லை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை இறுக்கினால் பாதியில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், அறுத்துத்தான் எடுப்பார்கள், ஸ்டோரில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். சொல்லலாம் என்று அவர் அறை வாசல் வரை போனேன், உள்ளே காதர்பேட்டை பனியன் வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், திரும்பிவிட்டேன். நம் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான், அந்த வாசலைத் தாண்ட அது உதவவில்லை.

புது நட்டு மாட்டிய ஒன்பதாம் நாள் வால்வு பாதி திறந்தபடி இறுகிவிட்டது. ஃபிட்டர் முனீஸ் கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டி நெம்பினான், தண்டும் முறிந்தது, அவன் மணிக்கட்டும் முறிந்தது. முரட்டுத்தனமாக உடைத்துவிட்டான், திங்கட்கிழமையோடு நிறுத்திவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் மனைவி மருதாளுக்கு இது ஆறாம் மாதம், பக்கத்து லைன்வீடு, அவள் அழுவது சுவர் வழியாகக் கேட்கிறது. அப்பாவோ, "நீ வாயத் தொறந்தா நம்மளையும் சேத்து அனுப்பிருவாக, வீடும் அவுகளது, நான் ஓட்டுற வேனும் அவுகளது" என்கிறார். அதுவும் நிஜம்தான்.

இன்று காலை முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரே உலோகம் உரசினால் ஒட்டும், தண்டு எஃகாகவே இருக்கட்டும், நட்டை உப்பு தாங்கும் அலுமினிய வெண்கலத்தில் கடையுங்கள், தேய்ந்தால் நட்டுதான் தேயும், அதுவும் மெதுவாக, முனீஸ் மேல் தப்பில்லை என்று தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். "ஒரே கூட்டத்துல பொண்ணெடுத்த கதையாட்டமுங்களா" என்று சிரித்தார். இந்த ஊரில் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை, கட்ட மாட்டார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஏனுங்கம்மா, இத்தன தெரிஞ்சவிய நட்டு கடையறப்ப எங்கீங்க போயிருந்தீங்க" என்றார். நஷ்டத்துக்குப் பார்ட்னர்களிடம் ஒரு காரணம் காட்ட வேண்டுமாம், தெரிந்தும் சொல்லவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் முனீஸை வைத்துக்கொள்வாராம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் அவர் மேஜை டிராயரில் இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் வெளியே எடுப்பார். அப்பா மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை.

நீ பதறி லீவு போட்டு வராதே. ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. மீனாட்சி அம்மன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும். பதிலை இந்த முகவரிக்கே போடு, மாறினால் நான் முந்தி எழுதுகிறேன்.

இன்று இரண்டாம் முறையாகக் கையெழுத்திடும்
உன் அம்மா
சித்ராதேவி