முதலாம் தெரிவு கொழும்பு

2010 பெப்ரவரி 9, செவ்வாய்

மகள் சஃப்னா பல்கலைக்கழக விண்ணப்பத்தில், சர்வதேச உறவுகள் படிக்கக் கொழும்பை முதலாவதாகப் போட்டிருந்தாள். அது கிடைப்பது கடினம். ஆகவே இரண்டாவதாகப் பேராதனை, எப்படியும் கிடைக்கும் என்று கடைசியில் பக்கத்து ஊரான ஒலுவில். என் கூடப்பிறந்த காக்கா வந்து பார்த்துவிட்டு, "ஒலுவில முதல்ல போடு" என்றார். போட்டால் அதுதான் கிடைக்கும்; கொழும்பு என்ற பேச்சே இராது.

"குமருப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பப் போறியா? ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"நீங்க கலியாணம் முடிச்ச அண்டைக்கே உம்மாட வீட்ட விட்டுட்டு, சம்மாந்துறைக்கு மதினிட வீட்டுக்குப் போனீங்களே காக்கா. அப்ப ஆரும் கதைக்கல்லியே?"

"மாப்பிள்ள பொண்ணு வீட்டுக்குப் போறது நம்மட வழமை."

"ஓம், இதையும் வழமையாக்குவம்."

தேநீரைத் தொடாமலே எழுந்து போய்விட்டார். கோபம் ஆறும்போது ஆறட்டும்.

சுனாமியில் கடல் சஃப்னாவுடைய வாப்பாவைக் கொண்டுபோன பிறகு, அகதி முகாமில் உதவி கொண்டுவந்த வெளிநாட்டார் ஒரு மேசையைச் சுற்றி இருந்து எங்களுக்கு என்ன வேண்டும் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். சின்னவளாக நின்று பார்த்தவள், அந்த மேசையில் தானும் உட்கார வேண்டும் என்கிறாள். உட்காரட்டும்.

விண்ணப்பம் இருந்தபடியே போகும். யா அல்லாஹ், அவளுக்குக் காவல் நீதான். அவள் போன பிறகு இந்த வீட்டில் நான்... அதை இன்றைக்கு எழுதமாட்டேன்.