மேற்குப் பக்கத்துக் கோழிகள்

8 ஜனவரி 2025, புதன்

மொரப்பூர்ப் பண்ணையில் இன்று குஞ்சு இறங்கியது. காலையிலேயே வண்டி வந்துவிடும் என்றார்கள். வந்தது மதியச் சோற்று நேரத்துக்கு. அதுவரை வெயிலில் நான்.

பண்ணைக்காரர் மாதவராஜ் அண்ணன் நான் சொன்னபடி ஷெட்டின் நடுவே வலை அடித்துத் தடுத்திருக்கிறார். கிழக்குப் பக்கக் குஞ்சுகளுக்குத் தீவனத்தோடு எங்கள் பொடி. மேற்குப் பக்கத்துக்கு வெறும் தீவனம். இவ்வளவுதான் சோதனை. பொடியில் இருப்பது நல்ல பாக்டீரியா. அது முதலில் போய்க் குடலில் இடம் பிடித்துவிட்டால், பின்னால் வரும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமிக்கு உட்கார இடம் கிடைக்காது. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிக்கிற ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் விளக்க வேண்டியிருந்தது. தீவனம் வைப்பது அண்ணனின் மனைவி அம்பிகாக்காதான்.

"அப்ப மேக்கால பக்கத்துக்குங்க?"

"அதுக்கு ஒண்ணும் போட வேண்டாங்க்கா. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்."

"ஏனுங்க மேடம், அதுங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

11 ஜனவரி

சோதனைக்கு ஒத்துக்கொண்டிருந்த பாலக்கோட்டுப் பண்ணைக்காரர் போன் செய்தார். அவர் இனிமேல் கோழி வளர்க்கப் போவதில்லையாம். ஷெட்டைத் தக்காளிப் பெட்டி அடுக்க விட்டுவிட்டாராம். இதைச் சொல்ல எனக்கு ஒப்பந்தம் எதற்கு, ஐஸ் பெட்டி எதற்கு, ஆறு வருஷம் ஆய்வகத்தில் எதற்கு?

ஆக, மிஞ்சியது மொரப்பூர் ஒன்றுதான். குப்புராஜ் சாருக்குச் சொன்னேன். திட்டத் தலைவர் அல்லவா, பெருமூச்சு விடுவது அவர் வேலை. "இது ஒண்ணாவது உருப்படியா வரட்டும்மா. ஜூனோட புராஜெக்ட் முடியுது. அப்புறம் உங்க பொடி, ஆய்வகத்து ஃபிரிட்ஜுலயே இருக்க வேண்டியதுதான்."

என் பொடியாம். நல்லது நடந்தால் நம் பொடி.

15 ஜனவரி, மாட்டுப்பொங்கல்

பூபதியின் ஊரில் இருக்கிறேன். இந்த மனிதருக்குப் பொங்கலென்றால் முழுசாக வேண்டும், பெண்டாட்டி மட்டும் பாதி நாளில் ஓடக் கூடாது. பண்ணைக்குப் போக முடியவில்லை. அம்பிகாக்காவுக்குப் போன் போட்டு, பொடி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"போட்டாச்சுங்க மேடம். நல்ல நாளும் அதுவுமா கொற வெப்பனா?"

அப்பாடா.

29 ஜனவரி

பண்ணையில் மாதிரி எடுத்துக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் விடவில்லை. "என்னம்மா, மீனா? நாத்தம் அடிச்சா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க."

"மீன் இல்லைங்க. கோழி எச்சம்."

பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து பின்னால் போய்விட்டாள். தருமபுரி வரை தாராளமாக உட்கார்ந்து வந்தேன். இந்த வேலையில் கிடைத்த முதல் லாபம்.

12 பிப்ரவரி

முடிவு வந்துவிட்டது. கிழக்குப் பக்கம் சுத்தம். மேற்குப் பக்கமும் சுத்தம்!

குப்புராஜ் சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பொடி போட்டாலும் கிருமி இல்ல, போடாட்டியும் இல்ல. என்னன்னு ரிப்போர்ட் எழுதுவீங்க? மொரப்பூர் கோழி ரொம்ப ஒழுக்கமானதுன்னா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ இடிக்கிறது. மேற்குப் பக்கம் எப்படி?

13 பிப்ரவரி

கோபம் இன்னும் அடங்கவில்லை.

காலையிலேயே பண்ணைக்குப் போனேன். சொல்லாமல் போனேன். அம்பிகாக்கா மேற்குப் பக்கத்தில் குனிந்து தீவனம் கலந்துகொண்டிருந்தார். இடுப்பில் என் பொடி டப்பா. என் பொடி!

"என்னக்கா இது?"

ஒளிக்கவெல்லாம் இல்லை. தெளிவாகவே சொன்னார். "மாட்டுப்பொங்கலன்னிக்கு மாடு, ஆடு, நாயி எல்லாத்துக்கும் பொங்க வெச்சனுங்க. இதுங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் போட்டு ஒரு பக்கம் போடாம வுட்டா சாமிக்கே அடுக்குங்களா? அன்னிக்கி ஒரு நாளுதான் போடலாம்னு போட்டன். மறுநாளு பாத்தா அத்தனையும் வலையாண்ட வந்து நிக்குதுங்க. மனசு கேக்கலீங்க. இருக்கறத ரெண்டாப் பங்கு வெச்சுப் போட்டுட்டேன்."

கோழி வலை ஓரம் வந்து நிற்கும்தான். கோழி வேறு எங்கே போய் நிற்கும்?

"ஒரு கண்ணுக்கு வெண்ணெ, ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வெக்கச் சொல்றீங்களே" என்று என்னிடமே நியாயம் வேறு கேட்கிறார். கரடியாய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்று யோசித்தால் இப்போது வெட்கமாயிருக்கிறது. காவியாவைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். போன வருஷம் சரியாக வேகாத கோழிக்கறியைத் தின்றுவிட்டு என் பெண் ரத்தமாய்ப் போய், ஆஸ்பத்திரியில் கிழிந்த துணி மாதிரி கிடந்தது, அதே கிருமிதான், அது இன்னொரு பிள்ளைக்கு வரக் கூடாதென்றுதான் நான் நாயாய் அலைகிறேன், நீங்க என்னடான்னா கோழிக்குப் பந்தி பரிமாறுறீங்க — எல்லாம் சொன்னேன்.

அவர் உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், பாதி அளவே போதும் என்றுகூட இருக்கலாம். இல்லை, இந்தத் தடவை குஞ்சுகளே சுத்தமாக வந்திருக்கலாம். ஒப்பிட ஒரு பக்கம் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. சாண் ஏறினா மொழம் சறுக்குது.

14 பிப்ரவரி

மோரையாவது குடித்திருக்கலாம். நல்ல வெயில்.

20 பிப்ரவரி

குப்புராஜ் சார் இன்னும் ஒரு பேட்ச்சுக்கு ஒத்துக்கொண்டார், ஒரு மணி நேர அர்ச்சனைக்குப் பிறகு. வேறு பண்ணை பார்க்கச் சொன்னார். நாலு பேரைக் கேட்டேன். ஒருவர் குஞ்சு விடவில்லை, ஒருவர் குஞ்சு கொடுக்கிற கம்பெனி விடாது என்கிறார், ஒருவர் போனையே எடுக்கவில்லை, நாலாமவர் ஜோசியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுபடியும் அம்பிகாக்காதான். விதி.

ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி செய்யப் போகிறேன். அவரால் ஒரு பக்கத்தைச் சும்மா விட முடியாது. சரி, விட வேண்டாம். இரண்டு டப்பா. பச்சை மூடி கிழக்குக்கு, சிவப்பு மூடி மேற்குக்கு. ஒன்றில் பொடி, இன்னொன்றில் பொடி மாதிரியே அரைத்த தவிடு. எதில் எது என்று குப்புராஜ் சாருக்கு மட்டும் தெரியும். எனக்கும் தெரியாது. தெரிந்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

7 மார்ச்

குஞ்சு இறங்கியது. டப்பாக்களைக் கொடுத்தேன்.  அம்பிகாக்கா இரண்டையும் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"ரெண்டு பக்கத்துக்கும் உண்டுங்களா மேடம்?"

"உண்டுக்கா. ஆனா எதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. மாத்தி மட்டும் போட்டுடாதீங்க."

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே. உண்டு என்று சொன்னது பொய்யில்லை. தவிடும் ஒரு பொடிதான். இப்படித்தான் நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

2 ஏப்ரல்

வெயில் தாங்காமல் சில கோழிகள் சோர்ந்து போயிருக்கின்றன. கம்பெனி சூப்பர்வைசர் வந்து, தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கச் சொன்னாராம். கலந்திருந்தால் நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாகச் செத்திருக்கும், என் சோதனையும் சேர்த்து.

அம்பிகாக்கா தொட்டி மூடிமேல் உட்கார்ந்துகொண்டாராம். "மேடம் சொல்லாம இதுல ஒரு சொட்டு வுழக் கூடாதுங்க." சூப்பர்வைசர் எனக்குப் போன் போட்டுப் புலம்பினார். ஷெட் கூரைக்கு ஈரச்சாக்கு போடச் சொல்லுங்கள், போதும் என்றேன்.

இந்தப் பெண்ணை என்னவென்று சொல்வது? போன பேட்ச்சைக் கெடுத்ததும் இவர்தான், இந்த பேட்ச்சைக் காப்பாற்றியதும் இவர்தான்.

15 ஏப்ரல்

கோழி பிடிக்க வண்டி வந்தது. கிழக்கும் மேற்கும் ஒரே வண்டியில் போயின. மாதிரிகள் ஆய்வகத்தில்.

22 ஏப்ரல்

வந்துவிட்டது! வந்துவிட்டது!

பச்சையில் பொடி, சிவப்பில் தவிடு. குப்புராஜ் சார் இன்றுதான் சொன்னார். கிழக்குப் பக்கத்தில் தேடித் தேடித்தான் சால்மோனெல்லா. மேற்குப் பக்கத்தில் எடுத்த இடமெல்லாம். இதைவிடத் தெளிவாக ஒரு முடிவு வராது. "நம்ம பொடி ஜெயிச்சிருச்சும்மா" என்றார் சார். பார்த்தாயா, நம்ம பொடி!

பூபதிக்குப் போன் செய்து அழுதேன். அவர் பயந்துபோய், யாருக்கு என்ன என்றார்.

24 ஏப்ரல்

பண்ணைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு மூடியில் வெறும் தவிடு என்பதையும்தான். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கையிலிருந்த மைசூர்பாகைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"அப்ப மேக்கால பக்கத்துக் கோழியெல்லாம் யாரு வூட்டுக்குப் போச்சுங்க?"

"எல்லாப் பண்ணைக் கோழியிலயும் இருக்கறதுதாங்க்கா. நாம புதுசா ஒண்ணும் குடுக்கல. நல்லா வேக வெச்சா ஒண்ணும் ஆகாது."

"உங்க பொண்ணுக்கு ஆச்சுங்களே."

மாதவராஜ் அண்ணன், "சும்மா இரு அம்பிகா, அவங்க படிச்சவங்க" என்று அதட்டினார். எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. அக்கா கேட்டது சரிதானே. ஒப்பிட ஒரு பக்கம் இல்லாமல் பொடி வேலை செய்கிறதென்று யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் எந்தப் பண்ணைக்கும் அது போய்ச் சேராது. நான் செய்தது தப்பில்லை. நூறு தடவை சொல்வேன், தப்பில்லை. 

இன்று மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

கறிக்கடையைத் தாண்டும்போது கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள். எந்தப் பக்கம் என்று மனசு கேட்கிறது. சனியன், இனிமேல் வாழ்நாள் முழுக்கக் கேட்கும்.

6 மே

அறிக்கை போய்விட்டது. மீந்த பொடியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், அதுதான் விதிமுறை. ஆறு வருஷம்! புதைக்கவா? வேலை செய்கிறது என்று நிரூபித்த பிறகு புதைக்கவா? இந்த நாட்டில் உருப்படியாக ஒன்று வந்தால் உடனே அதற்கு ஒரு குழி வேண்டும்.

குப்புராஜ் சாரின் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். பண்ணைக்காரர் சம்மதத்தோடு அடுத்த பேட்ச்சுக்குக் கொடுக்கிறேன், எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன் என்றேன். மனிதர் தன் வேலையான பெருமூச்சை முதலில் விட்டார். பிறகு அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

9 மே

மொரப்பூரில் புதுக் குஞ்சு. நடு வலையை இன்னும் கழற்றவில்லை. கழற்றுகிறேன் கழற்றுகிறேன் என்று மாதவராஜ் அண்ணன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஒரே டப்பா, மூடி என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை. இன்று நானே தீவனத்தில் கலந்தேன். அம்பிகாக்கா பின்னாலேயே வந்தார்.

"எந்தப் பக்கத்துக்குங்க மேடம்?"

"மேக்கால இருந்து ஆரம்பிங்க்கா."

அவர் கிண்ணத்தில் அள்ளி, விரலால் தலைதட்டி, கிழக்குக்கும் இதே அளவுதான், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்துட்டேன், போடுங்க" என்றேன்.